திருமணப் பொன்விழாவும் வையாவிருத்தியமும்

(தாம்பரத்தில் நடைபெற்ற பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘இல்லறத்தார் விரதங்கள்’ என்னும் பொருளில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். பன்னிரு விரதங்களையும் அறிஞர் பலர் இம்மேடையில் விரித்துரைத்துள்ளனர். ஆகவே அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கடந்த ஆறு மாதங்களில் என் இல்லத்தில் அதை நான் கண்ட அளவில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவ்விரதத்தின் பெயர் வையாவிருத்தியம். துறவியர்க்கும் நோயுற்றார்க்கும் துன்பம் நீங்கத் தொண்டு செய்தல் என்பது அதன் பொருள்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அகவை 71. சென்ற புரட்டாசித் தொடக்கத்தில் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். அறுவைச் சிகிச்சை முடிந்தது. கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை ஆறு சுற்றுகளும் முடிந்தன. இப்போது கதிர்ச் சிகிச்சை நடைபெறுகிறது. வாரத்தில் ஐந்து நாள் செல்ல வேண்டும். இன்று விடுமுறையாதலால் இங்கே நிற்கிறேன். இந்தச் சிகிச்சையின் நடுவில், தை மாதத்தில், எங்கள் திருமணத்திற்கு 50 ஆண்டுகள் நிறைந்தன. அப்பொன்விழாவைக் கொண்டாடுவதா, விட்டுவிடுவதா, கொண்டாடினால் எவ்வாறு என்று எங்கள் வீட்டில் எழுந்த வினாக்களும், அவற்றிற்கு நாங்கள் கண்ட விடைகளுமே இன்றைய என் உரை.

1976-ஆம் ஆண்டு தை மாதம் 14-ஆம் நாள், வந்தவாசிப் பக்கத்து ஊர் ஒன்றில், வீட்டு வாசலில் போட்ட பந்தலில் எங்கள் திருமணம் நடந்தது. என் கணவருக்கு இரயில்வேயில் வேலை. ஆதலால் தாம்பரம் வந்தோம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் பல இவ்வாறே வேலையைத் தொடர்ந்து இப்பகுதிக்கு வந்தவை. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-இல் ஓடத் தொடங்கிய மின்சார இரயில் இப்பகுதியை நகரத்தோடு இணைத்தது. அந்தப் பாதையை ஒட்டித்தான் நம்மவரின் வீடுகளும் பெருகின. ஊரில் ஒரு வீட்டின் துன்பம் தெரு முழுவதற்கும் தெரியும். இங்கே அடுத்த அடுக்ககத்தில் இருப்பவர்க்கும் தெரியாமல் ஒரு நோயை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிட முடிகிறது. இதை நன்மை என்று சிலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை.

எங்கள் வீட்டில் எழுந்த முதல் வினாவும் இதுவே. நோயை வெளியே சொல்வதா, வேண்டாவா? உறவினருள் மூத்தவர் ஒருவர், அன்பினால்தான், ஓர் ஆலோசனை கூறினார். “பொன்விழாவை நிறுத்தினால் எல்லாரும் காரணம் கேட்பார்கள். பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகையால் மண்டபம் எடுத்து வழக்கத்தைவிடப் பெரிதாகவே நடத்துங்கள். தலைக்குச் செயற்கை முடி வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது” என்றார். நம் சமுதாயம் சிறியது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நமக்குள்தான். ஒரு வீட்டில் இந்நோய் என்றால் அவ்வீட்டுப் பெண்பிள்ளைகளின் சம்பந்தம் தடைப்படும் என்னும் அச்சம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள்.

அந்த அச்சத்திற்கு மருத்துவம் சொல்லும் விடையை முதலில் கூறுகிறேன். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுக் குறைபாட்டால் தோன்றுபவை புற்றுநோய்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். அந்த ஐயம் இருப்பின் அதற்கும் சோதனை உண்டு. மறைக்கும் வீட்டில் அச்சோதனைக்கு வழியில்லை. ஒரு பாட்டிக்கு என்ன நோய் இருந்தது என்பது மகளுக்கும் பேத்திக்கும் தெரிந்தால்தான் அவர்கள் உரிய காலத்தில் தங்களைச் சோதித்துக்கொள்ள இயலும். சம்பந்தத்தைக் காப்பதாக எண்ணி நாம் மறைக்கும் செய்தி, பிள்ளைகளின் உயிரைக் காக்கும் செய்தியாக இருக்கலாம்.

அடுத்து, நாம் நாள்தோறும் கடந்துபோகும் ஓர் இடத்தை நினைவூட்டுகிறேன். தாம்பரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் இடையில் உள்ள நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஒரு நோயின் வீடுதான் அந்நிலையத்திற்குப் பெயராயிற்று. 1928-இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் காசநோயாளிகளுக்காக அங்கே மருத்துவ இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசு ஏற்று, இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடத்துகிறது. அக்காலத்தில் காசநோய் என்றால் குடும்பங்கள் நடுங்கின. வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் மறைத்தன. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலேயே குடும்பத்தாரோடு இருந்து மருந்து உண்பவர்க்கும், சானடோரியத்தில் தங்கி உண்பவர்க்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று அம்மையத்தின் ஆய்வு 1959-இல் உலகிற்குக் காட்டியது. வீட்டிலுள்ள மற்றவர்க்கும் அதனால் கூடுதல் தீங்கு பெரிதாக இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பலரும் ஏற்கத் தயங்கியபோது ஏற்றுக்கொண்டதும் இதே தாம்பரத்து மருத்துவமனைதான். இன்று நம் பிள்ளைகள் “சானடோரியத்தில் இறங்கிக்கொள்கிறேன்” என்று இயல்பாகச் சொல்கிறார்கள். நோயின் பெயரைச் சொல்லப் பழகியதும், அச்சம் பாதி குறைந்தது. புற்றுநோய்க்கும் அக்காலம் வர வேண்டும்.

உலகறிந்த ஒருவரின் செயலையும் சொல்லலாம். அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரும் அவர் துணைவியார் ரோசலினும் 1946 ஜூலை 7-ஆம் நாள் மணந்தவர்கள். 2015 ஆகஸ்டு மாதத்தில், தம் 90-ஆம் அகவையில், புற்றுநோய் மூளைவரை பரவியிருக்கிறது என்பதைக் கார்ட்டர் தாமே செய்தியாளர்களை அழைத்துச் சொன்னார். சிகிச்சை பெற்றார். மறு ஆண்டு அவர்களது திருமணத்தின் 70-ஆம் ஆண்டு நிறைவு வந்தது. 2021-இல் 75-ஆம் ஆண்டைத் தம் சிற்றூரில் உற்றாரும் நண்பரும் சூழப் பெரிதாகக் கொண்டாடினர். 2023-இல் 77-ஆம் ஆண்டு நிறைந்தபோது இருவருமே நலிந்திருந்தனர். வீட்டிலேயே அமைதியாக அந்நாளைக் கழித்தனர். உடலின் ஆற்றலுக்கு ஏற்ப விழா பெரிதாகவும் சிறிதாகவும் ஆயிற்று. நோய் மட்டும் ஒருபோதும் ஒளிக்கப்படவில்லை.

எனவே நாங்கள் மண்டபம் எடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ஒரு சிறு மடல் அச்சிட்டோம். ‘எங்கள் திருமணத்திற்கு 50 ஆண்டுகள் நிறைகின்றன. இல்லத்தரசி புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருவதால், நெருங்கிய உறவினருடன் வீட்டிலேயே சிறு வழிபாடு. பரிசுகள் வேண்டா, அளிக்க விரும்புவோர் ஔஷத தானமாக மருத்துவ நிதிக்கு அளிக்கலாம்’ என்பது அதன் வாசகம். புற்றுநோய் என்னும் சொல்லை அச்சில் போட வேண்டுமா என்று அச்சகத்துப் பிள்ளை இருமுறை கேட்டான். போடச் சொன்னோம்.

இரண்டாவது வினா, நாள் பற்றியது. மருந்துச் சிகிச்சை 21 நாளுக்கு ஒருமுறை நடந்தது. மருந்து ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது பிறரிடமிருந்து ஒரு சிறு சளி தொற்றினாலும் பெருந்தீங்காகலாம். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இந்த எண்ணை இங்குள்ள ஒவ்வொரு வீட்டாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்தாம் சுற்று தை 5-ஆம் நாள். திருமண நாளான தை 14, சரியாக அந்தத் தாழ்ந்த நாட்களுக்குள் விழுந்தது. ஆறாம் சுற்று தை 26. அதற்கு இரண்டு நாள் முன்னர், அணுக்கள் மீண்டும் ஏறியிருக்கும் தை 24-ஆம் நாளில் விழாவை வைத்தோம். இரத்தச் சோதனை முடிவு வந்த பின்னரே உறுதி செய்தோம். “திருமண நாளை மாற்றலாமா?” என்று சிலர் வருந்தினர். நாள் எங்களுக்காகவே அன்றி நாங்கள் நாளுக்காக இல்லை என்று என் கணவர் கூறிவிட்டார்.

தை 14 அன்று வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். விளக்கேற்றி, பஞ்ச நமஸ்காரம் சொல்லி, கஞ்சி உண்டு படுத்துவிட்டேன். என் கணவர் பணிமனையில் இருந்த காலத்துப் பழக்கமாக எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுவார். எந்த மாத்திரை, எந்த வேளை, எவ்வளவு எடை, மாலையில் எவ்வளவு வெப்பம் என்று நாள்தோறும் ஒரு வரி. சில நாட்கள் கழித்து அக்குறிப்பேட்டைப் புரட்டினேன். தை 14-ஆம் நாளின் வரியில் 98.4 என்று எழுதி, அதனருகே 50 என்றும் எழுதியிருந்தார். வேறு ஒரு சொல்லும் இல்லை. எங்கள் பொன்விழா அந்த வரியில் நிறைவேறிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன விரதத்திற்கு வருகிறேன். தத்துவார்த்த சூத்திரம் அகத்தவம் ஆறு என்று கூறுகிறது. அவற்றுள் வையாவிருத்தியம் ஒன்று. தியானத்தோடும் நூலோதுதலோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டது இது. யார்யாருக்கு இதனைச் செய்ய வேண்டும் என்று பத்து வகையினரைக் குறிக்குமிடத்தில் ‘கிலானர்’, அதாவது நோயுற்றோர், தனியே எண்ணப்பெறுகின்றனர். அங்கே சொல்லப்படுபவர் முதன்மையாகத் துறவியரே. ஆயினும் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் சிட்சா விரதங்கள் நான்கனுள் ஒன்றாகவே வையாவிருத்தியத்தை வைத்தார். அந்நூலைத் தழுவிய நம் அருங்கலச்செப்பைப் பயின்றவர்கள் இதனை அறிவர். முனிவர்க்குத் தொண்டு செய்யும் பேறு நமக்கு ஆண்டில் சில நாளே வாய்க்கிறது. அந்நாட்களில் நாம் கற்ற பொறுமையும் தூய்மையும் அருவருப்பின்மையும், வீட்டில் ஒருவர் நோயுறும்போது வெளிப்படாவிட்டால், கற்றது எங்கே போயிற்று?

வாந்தியெடுத்த பாத்திரத்தைக் கழுவுவதும், வாய்ப்புண்ணால் உண்ண இயலாதவர்க்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுப்பதும், நள்ளிரவில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் என் கணவர் இந்த ஆறு மாதங்களாகச் செய்துவரும் செயல்கள். அவருக்கு அகவை 76. அருவருப்பின்மை நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று என்று நாம் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். அதன் பொருளை நான் 50 ஆண்டு பாடமாகப் படித்தேன். இப்போது கண்ணால் கண்டேன். திருமணத்தின் ஆண்டுகளை நாம் எண்ணுகிறோம். அந்த ஆண்டுகள் ஒருவரை எதற்கு ஆயத்தப்படுத்தின என்பதை இத்தகைய காலமே காட்டுகிறது.

மூன்றாவது வினா, நோன்பும் உணவும் பற்றியது. கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை என்னும் நியமம் எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மாத்திரைகளின் நேரத்தை மாற்றி, பெரும்பாலானவற்றைப் பகலுக்குள் அடக்கித் தந்தார். ஒரு மாத்திரையை மட்டும் இரவில்தான் உட்கொள்ள வேண்டும் என்றார். அதை நீருடன் உட்கொண்டேன். தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளில், தவமும் தியாகமும் ‘சக்திக்கேற்ப’ என்றே சொல்லப்பட்டுள்ளன. ஆற்றலுக்கு மிஞ்சிய தவம் அங்கே கேட்கப்படவில்லை. அதே பதினாறனுள் வையாவிருத்தியமும் உண்டு. ஆகவே சிகிச்சைக் காலத்தில் பட்டினி நோன்பு இருப்பேன் என்று பிடிவாதம் செய்யும் சகோதரிகள், மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்ய வேண்டா என்று வேண்டிக்கொள்கிறேன்.

புரதம் வேண்டும், முட்டை உண்ணுங்கள் என்று உணவியல் வல்லுநர் கூறினார். நம் மரபைச் சொன்னதும், அதே அளவு புரதத்திற்குப் பாசிப்பயறு, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பால், பனீர் என்று வேறு பட்டியல் எழுதித் தந்தார். கேளாமலிருப்பதால்தான் பலர் உணவைக் குறைத்துக்கொண்டு மெலிகின்றனர். கேட்டால் வழி இருக்கிறது. வியப்பான செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். வெள்ளணு குறைந்த நாட்களுக்கென்று செவிலியர் கொடுத்த அறிவுரைத் தாளில், தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிப் பருகுக, அன்று சமைத்ததை அன்றே உண்க, பழையதைத் தவிர்க்க என்று இருந்தது. என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த சமையலறை விதிகளும் இவையே. சிற்றுயிர்க்குத் தீங்கு நேரக் கூடாது என்று அவர் சொன்னார்; சிற்றுயிரால் எனக்குத் தீங்கு நேரக் கூடாது என்று மருத்துவமனை சொன்னது. வழி ஒன்றாக இருந்தது.

நான்காவது வினாவை எவரும் நேராகக் கேட்கவில்லை; பக்கவாட்டில் கேட்டனர். “இவ்வளவு தருமம் செய்தவர்க்கு இந்நோய் என்றால், பூர்வ கர்மம் எப்படியோ!” என்று பெருமூச்சு விட்டவர்கள் சிலர். கர்மக் கொள்கை நம் சமயத்தின் முதுகெலும்பு. அதை நான் மறுக்கவில்லை. துன்பம் அசாதா வேதனீய கர்மத்தின் உதயம் என்பதும் உண்மை. ஆனால் எந்தக் கர்மம் எந்தப் பிறவியில் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அறிபவர் கேவலியே. அடுத்தவர் படுக்கையருகே நின்று அதைக் கணிக்க நமக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. மேலும், அசாதா வேதனீயம் எதனால் வந்து சேர்கிறது என்று தத்துவார்த்த சூத்திரம் சொல்வதையும் எண்ணிப் பாருங்கள். தமக்கோ பிறர்க்கோ துயரமும் சோகமும் புலம்பலும் உண்டாக்குவதே அதற்குக் காரணம் என்கிறது. உயிர்கள்மேல் இரக்கமும் தானமும் பொறுமையும் சாதா வேதனீயத்திற்குக் காரணம் என்கிறது. நோயாளியின் பழைய கர்மத்தைப் பேசி அவரை அழவைப்பவர் தமக்கே புதிய கர்மத்தைச் சேர்த்துக்கொள்கிறார். கஞ்சி ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறவரே கொள்கையை நன்கு அறிந்தவர்.

மற்றொரு பெரியவர், “எழுபதைக் கடந்தாயிற்று, இத்தனை மருந்து எதற்கு? சல்லேகனை இல்லையா?” என்றார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை எளிதாகப் பயன்படுத்தக் கூடாது. நீக்க வழியில்லாத இடையூறும் பஞ்சமும் மூப்பும் நோயும் வந்துற்றபோதே சல்லேகனை என்று இரத்தினகரண்டகம் வரையறுக்கிறது. மருந்து உள்ள நோய்க்கு அது விடையன்று. அந்நூலாசிரியரின் வாழ்வைப் பற்றி வழங்கும் மரபுச் செய்தியையும் நினைவுகூர்வோம். சமந்தபத்திரர்க்குத் தீராப்பசி நோயான பஸ்மகம் வந்தபோது, சல்லேகனைக்கு அவர் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். நோயைத் தீர்த்துக்கொள், உன்னால் அறத்திற்கு ஆகவேண்டியது இன்னும் இருக்கிறது என்று அவரை அனுப்பினார். அன்று அனுமதி கிடைத்திருந்தால் அவர் தந்த நூல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா? நான் நூல் எழுதப் போவதில்லை. பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில இருக்கின்றன. அதற்காக மருந்து உண்கிறேன். ஒருநாள் மருந்துகள் கைவிட்டால், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் நானும் என் கணவரும் அமைதியாகப் பேசி வைத்திருக்கிறோம்.

விழா நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை 9 மணிக்கு மொட்டைமாடியில், காற்றோட்டமான இடத்தில், 21 பேர். அனைவரும் முகக்கவசம் அணிந்திருந்தனர். சளி இருமல் உள்ளவர் வரவில்லை. ஜினாலயத்திலிருந்து மருமகன் கந்தோதகம் கொண்டுவந்தார். புதுப்பூவில் கிருமி இருக்கக்கூடும் என்று செவிலியர் முன்னமே சொல்லியிருந்ததால் ஏலக்காய் மாலை மாற்றிக்கொண்டோம். செயற்கை முடி வைத்துக்கொள்ளவில்லை. பருத்தித் துணியைத் தலையில் கட்டியிருந்தேன். “முனிவர்களும் ஆர்யிகைகளும் கேசலோசம் செய்வதுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அவர்கள் துறக்கிறார்கள், என்னிடமிருந்து மருந்து எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் முடியின்மேல் இருந்த பற்று எவ்வளவு என்பது எனக்குத் தெரியவந்தது. அந்த அறிவு மட்டும் இலாபம். பதினொரு மணிக்கு உணவு முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு நான் உறங்கிவிட்டேன். வந்த தானத் தொகை முழுவதையும் மருத்துவ நிதியில் சேர்த்தோம்.

அம்மடலுக்கு ஒரு விலையும் கொடுத்தோம். பேத்திக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டார் மடலைக் கண்டபின் பேச்சைத் தொடரவில்லை. என் மகன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேத்திதான், “பாட்டி, நோயாளியைக் கண்டு விலகும் வீட்டிற்குப் போகாமல் தப்பினேன்” என்று சொல்லித் தன் தந்தையையும் தேற்றினாள்.

வேறொன்றும் நடந்தது. மடல் சென்ற பத்து நாளில் நம் சமுதாயத்துப் பெண்கள் மூவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தனர். இருவர் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆனவர்கள். இதுவரை உறவினர்க்கும் சொன்னதில்லை. மூன்றாமவர் மார்பில் ஒரு கட்டியை எட்டு மாதமாகக் கணவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர். வலி இல்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று எண்ணியிருக்கிறார். தொடக்கத்தில் இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதைச் சொன்னேன். மறுநாளே மருத்துவரிடம் சென்றார். இப்போது அவரும் சிகிச்சையில் இருக்கிறார். இனி எங்கள் 50 ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மாலையும் விருந்தும் நினைவுக்கு வருமோ இல்லையோ, அந்தத் தொலைபேசி அழைப்பு வரும்.

சென்னைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. நம் நகரில் இதற்காக வாழ்ந்தவர்களும் இருந்தனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரத்தை மறக்காமல் சுமந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள், 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையமே வாழ்வாக இருந்தார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில், புற்றுநோயால் மறைந்த பேரறிஞர் அண்ணாவின் பெயரால் அரசு நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. ஜினகாஞ்சியாம் திருப்பருத்திக்குன்றத்திற்கு வழிபடச் செல்லும் நாம் அதையும் அறிந்துவைத்திருக்க வேண்டும். வந்தவாசி, ஆரணிப் பக்கத்து உறவினர்க்கு அது அணுக்கமானது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. 30 அகவையைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள், கட்டணம் இல்லை.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். அறக்கட்டளையினர்க்கு: நம் நால்வகைத் தானங்களில் ஆகார தானத்திற்கும் சாத்திர தானத்திற்கும் நாம் குறை வைப்பதில்லை. ஔஷத தானத்தைப் பணத்தோடு நிறுத்தாமல் ஆளுதவியாகவும் ஆக்குங்கள். மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துச் செல்லக்கூடியவர் யார், இரத்தம் கொடுக்கக்கூடியவர் யார், ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்க்கு ஓர் அறை கொடுக்கக்கூடியவர் யார் என்று ஒரு பட்டியல் போதும். பகலுணவே உண்ணும் ஒரு நோயாளிக்கு அந்தி சாயுமுன் உணவு கொண்டுபோய்க் கொடுக்க நம்மவரைத் தவிர வேறு யார் முன்வருவார்?

உறவினர்க்கு: வருமுன் தொலைபேசியில் கேளுங்கள். இந்நோயால் இறந்த வேறொருவர் கதையைச் சொல்லாதீர்கள். நோயாளியோடு இருப்பவரையும் நலம் கேளுங்கள். அவரை ஒரு மணி நேரம் உறங்கவிட்டு நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அது வையாவிருத்தியம் செய்பவர்க்குச் செய்யும் வையாவிருத்தியம்.

தம்பதியர்க்கு: வெள்ளி விழாவோ மணி விழாவோ பொன்விழாவோ, நோய் வந்த ஆண்டில் வந்தால் அதை ஒத்திவைக்க வேண்டா. நாளை மாற்றுங்கள், அளவைக் குறையுங்கள், மாலையை மாற்றுங்கள். நோயை மட்டும் மறைக்காதீர்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமை, நலமாக இருப்பவர்க்கும் எழுதித் தரப்படவில்லை.

இன்னும் ஒன்பது நாள் கதிர்ச் சிகிச்சை எனக்கு எஞ்சியிருக்கிறது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் உண்டு. முடிவு எவ்வாறாயினும், இங்குள்ள தாய்மார்களில் ஒருவர் நாளைக் காலை மருத்துவரிடம் செல்வாராயின், இங்குள்ள ஆடவரில் ஒருவர் தம் மனைவியிடம் “உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்டு விடை வரும்வரை காத்திருப்பாராயின், பகவான் மகாவீரர் பிறந்த நன்னாளில் பேச எனக்குக் கிடைத்த இவ்வாய்ப்பு பயனுடையதாகும்.

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க! அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரம்.